எரித்தாலும் பொறுப்போடு

லண்டனின் பர்பெரி ஆடை நிறுவனம் 2018-இல் வெளியிட்ட ஆண்டறிக்கையில் ஒரு சின்னத் தகவல்: விற்காமல் தேங்கிய சரக்கில் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ளதை அழித்தாயிற்று. தள்ளுபடியில் தள்ளிவிட்டிருந்தால், கண்டவர்களெல்லாம் அந்தக் கட்டம் போட்ட துணியை மாட்டிக்கொண்டு திரிவார்கள், கௌரவம் என்னாவது? ஊர் பிடித்துக்கொண்டதும், எரித்த சூட்டைக்கூட வீணாக்காமல் ஆற்றலாக மாற்றினோம் என்று விளக்கம் வந்தது. வீட்டைக் கொளுத்தினாலும் அதில் வெந்நீர் போட்டுக்கொள்கிற சிக்கனம்! அந்தச் செப்டம்பரிலேயே வழக்கத்தைக் கைவிட்டார்கள். விற்காத சரக்கை அழிக்கக்கூடாது என்று பிரான்ஸ் 2020-இல் சட்டமே போட்டது.

இன்னொரு ஆடம்பர நிறுவனமான எர்மெஸ் விவரமான ஆள். வெட்டியதுபோக மிஞ்சும் தோலையும் பட்டையும் புதுப் பொருளாக்க 2010-இல் ‘பெட்டி ஆஷ்’ என்று தனிப் பிரிவு தொடங்கியது. பெயர் பிரெஞ்சில் இருந்தால் ஒட்டுத்துண்டுக்கும் தனி விலை.

நம் நகைப்பட்டறைகளில் இதற்குப் பெயரே கிடையாது. ராவிய தூள் பாயில் விழும், பாயை உதறுவார்கள். ஆசாரி கை கழுவிய தண்ணீர் தொட்டியில் தேங்கும், அதையும் கொட்டமாட்டார்கள். வாசல் மண்ணைக் கூட்டி அலச ஒரு அக்கா விளக்குமாறும் சட்டியுமாக வருவார். அவரிடம் போய், “நிலைத்தன்மை குறித்து உங்கள் கொள்கை?” என்று கேட்டுப் பாருங்கள்.

“தம்பி, மண்ணை மிதிக்காம அந்தப் பக்கம் நில்லு.”