டிரைவர் எங்கே?

டிரினிடாட் தீவில், சான் ஃபெர்னாண்டோ நகரத்தில், வாடகைக் காருக்குப் பணம் கட்டிச் சாவியையும் வாங்கிக்கொண்ட விருத்தாசலத்துக்காரர் ஒருவர் நேராகப் போய்ப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். காற்று வரட்டும் என்று கதவைத் திறந்து வைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து நிமிஷம் ஆயிற்று. டீ குடிக்கப் போயிருப்பான், வரட்டும் என்று இருந்தார். பிறகுதான் சாவி தன் மடியிலேயே கிடப்பதைப் பார்த்தார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நம் ஊரில் வாடகைக் கார் என்றாலே அதற்குள் டிரைவர் அடக்கம். விருத்தாசலத்தில் ஸ்டாண்டுக்குப் போன் போட்டுக் கும்பகோணம் என்றால், “நாலு மணிக்கு வந்துடறேண்ணே” என்பார் டிரைவர். ஐந்தேகாலுக்கு வருவார். அதற்கப்புறம் பயணம் அவருடையது. ஸ்ரீமுஷ்ணத்தில் பூவராகரைக் கும்பிடுவதா, கங்கைகொண்ட சோழபுரத்தில் இறங்குவதா, எந்த ஓட்டலில் பொங்கல் நன்றாக இருக்கும், எந்த ஊரில் போலீஸ் நிற்பார், எல்லாம் அவர் முடிவு. கிலோமீட்டருக்கு இவ்வளவு, பேட்டா இவ்வளவு, டோல் தனி, வெயிட்டிங் தனி. வாடகைக்கு எடுத்தவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தூங்குவது.

நம்மவர் விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருப்பவர். நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெள்ளைக் களிமண்தான் அவருக்குச் சோறு. வருஷம் முழுக்க ஃபியூஸ் கேரியர், இன்சுலேட்டர். கார்த்திகை வந்தால் அகல் விளக்கு, நவராத்திரி வந்தால் பொம்மை. மாப்பிள்ளைக்கு டிரினிடாட்டின் எரிவாயு ஆலை ஒன்றில் வேலை. மகளுக்குத் துணையாக ஒரு மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று மனைவியோடு விமானம் ஏறினார். மாப்பிள்ளைக்கு ஷிப்டு, மகளுக்குக் கைக்குழந்தை. ஊர் சுற்ற வேண்டுமென்றால் மாமாவே ஓட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அதற்கும் அவர் தயாராகத்தான் வந்திருந்தார். கிளம்புமுன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கியிருந்தார். ஒரு வருடம் செல்லும், பாஸ்போர்ட் மாதிரி ஒரு சின்னப் புத்தகம். அதைத் தெருவில் எல்லோரிடமும் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் வைத்தார். டிரினிடாட்டிலும் நம்மைப் போலவே இடது பக்கம்தான் வண்டி ஓடும், ஸ்டியரிங் வலது பக்கம்தான் என்று மாப்பிள்ளை சொன்னதும் பாதி பயம் போய்விட்டது. மீதி பாதியை மனைவி வைத்துக்கொண்டார்.

அவர் எதிர்பாராதது நம்பர் பிளேட்டை. இங்கே டிரைவரோடு வரும் டாக்ஸிக்கு மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்து. நாமே ஓட்டிக்கொள்ளும் வாடகை வண்டிக்குக் கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து. அங்கே எழுத்தே சாதி சொல்லிவிடுகிறது. சொந்த வண்டி ‘பி’, டாக்ஸி ‘எச்’, வாடகைக்கு விடும் வண்டி ‘ஆர்’. ‘ஆர்’ போட்ட வண்டி தெருவுக்குள் நுழைந்தால் உள்ளே இருப்பவர் அசலூர்க்காரர், வழி தெரியாதவர் என்று குழந்தைக்கும் தெரியும். நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு திரிகிற மாதிரி இருந்தது என்றார் நம்மவர். அதில் ஒரு லாபமும் இருந்தது: அவர் தப்பான பக்கம் திரும்பினாலும் யாரும் கோபப்படவில்லை.

வண்டியை ஒப்படைக்கும்போது கடைப்பையன் ஒரு காகிதத்தோடு காரைச் சுற்றி வந்தான். காகிதத்தில் கார் படம். எங்கெங்கே கீறல், எங்கெங்கே நசுங்கல் என்று பெருக்கல் குறி போட்டான். இந்த இடத்தில்தான் பட்டறைக்காரர் விழித்துக்கொண்டார். பீங்கானில் விரிசல் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். நல்ல இன்சுலேட்டரைத் தட்டினால் மணி மாதிரி ‘டிங்’ என்னும். மயிரிழை விரிசல் இருந்தால் ‘டொக்’ என்று செத்த சத்தம். நாற்பது வருஷப் பழக்கம் விடுமா? கதவு, பானெட், மட்கார்டு என்று விரல் கணுவால் தட்டிக்கொண்டே வந்தார். பின்கதவில் ‘டொக்’ கேட்டது. “இங்கே பட்டி பார்த்திருக்கிறது, எழுது” என்றார். தமிழில்தான் சொன்னார். பையன் எழுதிக்கொண்டான்.

அப்புறம் செல்போனை எடுத்து நாற்பத்து மூன்று படம் எடுத்தார். இதற்கு முன்னுதாரணம் அவர் ஊரிலேயே இருக்கிறது. திருமுதுகுன்றம் என்ற பழைய விருத்தாசலத்தில் சுந்தரர் இறைவனிடம் பன்னீராயிரம் பொன் பெற்றார். அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்பது பெரியபுராணக் கதை. ஓர் ஊரில் எடுத்து வேறோர் ஊரில் விடும் வசதி கார் கம்பெனிகளுக்கு அதற்கு வெகுகாலம் கழித்துத்தான் வந்தது. அதைவிட முக்கியம், சுந்தரர் பொன்னை ஆற்றில் போடுமுன் அதிலிருந்து மச்சம், அதாவது மாதிரித் துண்டு, வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். குளத்தில் வந்த பொன்னை அதோடு ஒத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. மறுபடி பாடித்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது. கடவுளே கொடுத்த பொருளுக்கும் சாம்பிள் எடுத்து வைத்த ஊரின் ஆள், காருக்கு எடுக்கமாட்டாரா?

ரயில் இல்லாத நாடு என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. விருத்தாசலம் ஜங்ஷனில் நின்றால் விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் என்று நாலு பக்கமும் தண்டவாளம் போகும். டிரினிடாட்டில் 1876-இல் ஓடத் தொடங்கிய ரயிலை 1968-இல் நிறுத்திவிட்டார்கள். தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினிலிருந்து கிழக்கே போன பழைய ரயில் பாதை இப்போது தார்ச்சாலை. ஆனால் அரசு பஸ்ஸுக்கும் மேக்ஸி டாக்ஸிக்கும் அனுமதிச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கும் மட்டும். நெரிசலில் மாட்டிக்கொண்ட நம்மவர், காலியாகக் கிடந்த அந்தச் சாலையைக் கண்டதும் வண்டியைத் திருப்பினார். “அப்பா, அது பஸ் ரோடு!” என்று கத்தினாள் மகள். “ரயில் ரோடுதானே? நான் ஜங்ஷன்காரன்” என்றார். போகவிடவில்லை.

மேக்ஸி டாக்ஸி என்பது நம் ஷேர் ஆட்டோவுக்குப் பெரியண்ணன். வெள்ளை வேன், பக்கவாட்டில் ஒரு பட்டை. கிழக்கே போகிறதென்றால் சிவப்பு, தெற்கே சான் ஃபெர்னாண்டோ பக்கம் என்றால் பச்சை. போர்டு படிக்கத் தெரியாதவரும் ஏறிவிடலாம். நம் ஊர் டவுன் பஸ்களுக்கு இதைச் செய்தால் பாட்டிமார்கள் வாழ்த்துவார்கள்.

ஹாரன் விஷயம் வேறு. அங்கேயும் அடிக்கிறார்கள், ஆனால் ‘பிப்’ என்று ஒரு சின்னச் சத்தம். வழி விட்டதற்கு நன்றி என்று அதற்குப் பொருளாம். முதல் நாள் முழுக்க யாரோ திட்டுகிறார்கள் என்று நினைத்து நம்மவர் ஒவ்வொரு முறையும் ஓரம் கட்டி நிறுத்தினார். நிறுத்த நிறுத்த இன்னும் பலர் நன்றி சொன்னார்கள்.

காலைப் பசிக்கு ‘டபுள்ஸ்’. இரண்டு மெல்லிய பூரிக்கு நடுவே கொண்டைக்கடலைக் குழம்பு, மேலே புளிச்சட்டினி, காகிதத்தில் முறுக்கித் தருவார்கள். காருக்குள் உட்கார்ந்து தின்னக்கூடாத பண்டம் உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது இதுதான். ‘ஸ்லைட் பெப்பர்’ என்று சொன்னால் காரம் கொஞ்சம். நம்மவர் ஆந்திரா மெஸ்ஸில் சாப்பிட்டவன் என்ற தைரியத்தில் நிறையப் போடச் சொன்னார். அன்று ஒரு மணி நேரம் கார் நகரவில்லை.

வழிகாட்டிப் பலகைகள் அவரை மிகவும் குழப்பின. பைசாபாத், பாரக்பூர் என்று வடநாட்டுப் பெயர்கள். போதாக்குறைக்கு ஓரிடத்தில் மெட்ராஸ் செட்டில்மெண்ட். 1845 மே 30 அன்று கல்கத்தாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பல் டிரினிடாட்டுக்கு வந்தது. 1917 வரை ஆள் ஏற்றினார்கள். மெட்ராஸ் துறைமுகத்திலிருந்தும் ஏறினார்கள், நம் தென்னாற்காட்டு ஆட்களும் அதில் இருந்திருக்கக்கூடும். கரும்பு வெட்ட வந்தவர்களின் பெயர்கள் மாறிவிட்டன. ஊரின் பெயர் மட்டும் பலகையில் நிற்கிறது. நம்மவர் காரை நிறுத்திக் கொஞ்ச நேரம் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்தவர் ‘பிப்’ அடித்தார். இந்தத் தடவை அது நன்றி இல்லை.

வாட்டர்லூ என்ற கடலோர ஊரில் கடலுக்குள் ஒரு கோயில் இருக்கிறது. சிவ்தாஸ் சாது என்ற கரும்புத் தொழிலாளி கட்டியது. முதலில் கரும்புக் கம்பெனி நிலத்தில் கட்டினார். இடித்துவிட்டார்கள், அவரைச் சிறைக்கும் அனுப்பினார்கள். நிலம்தானே உங்களுடையது, கடல் யாருடையது என்று சைக்கிளில் கல்லும் சிமெண்டும் கொண்டுபோய்க் கொட்டி, கடலைத் தூர்த்து, தனியாளாக வருடக்கணக்கில் கட்டினார். அரசாங்கம் பிறகு 1995-இல் சீரமைத்துக் கொடுத்தது. வாடகைக் காரின் ஏசியைப் பற்றி அதுவரை குறைசொல்லிக்கொண்டு வந்தவர், அந்தச் சைக்கிளை நினைத்து வீடு திரும்பும்வரை வாய் திறக்கவில்லை.

லா ப்ரேயா என்ற ஊரில் தார் ஏரி. சுமார் நூறு ஏக்கர் பரப்பு, இயற்கையாகவே ஊறிக்கிடக்கும் தார், உலகத்திலேயே பெரியது. 1595-இல் வால்டர் ராலே தன் கப்பல்களின் ஓட்டையை அடைத்துக்கொண்டது இந்தத் தாரால்தான். பல நாடுகளின் தெருக்களுக்கு இங்கிருந்து தார் போயிருக்கிறது. அந்த ஏரிக்குப் போகும் ரோடோ குண்டும் குழியுமாக அலை அடிக்கிறது. அடியில் தார் நகர்ந்துகொண்டே இருப்பதால் மேலே ரோடும் வீடும் சாய்கின்றன என்று விளக்கம் சொன்னார்கள். நம்மவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நெய்வேலி அனல்மின் நிலையத்துப் புகையைப் பார்த்துக்கொண்டே மின்வெட்டில் சூளை அணைந்து உட்கார்ந்திருந்தவர் அவர்.

அந்த ரோட்டில்தான் அடி வாங்கியிருக்க வேண்டும். வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது முன் பம்பருக்கு அடியில் ஒரு விரல் நீளக் கீறல் என்றார்கள். நாற்பத்து மூன்று படத்தையும் புரட்டினார். பானெட் இருந்தது, டிக்கி இருந்தது, நாலு சக்கரமும் இருந்தன. வண்டிக்குப் பின்னால் நின்று சிரித்த மனைவியும் ஆறு படத்தில் இருந்தார். பம்பருக்கு அடியில் மட்டும் இல்லை. மச்சம் எடுக்காத இடத்தில் மாற்றுக் குறைந்துவிட்டது. முன்பணத்தில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்துக்கொண்டார்கள்.

ஊருக்கு வந்ததும் மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனார். அங்கே வெள்ளைத்தாளில் குறையை எழுதிப் பிராது கட்டுவது வழக்கம். மனுதாரர் ஊரிலிருந்து கோயிலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் பார்த்துப் படிப்பணம் வாங்குவார்கள். கார் ஸ்டாண்டுக்கு முன்பே கிலோமீட்டர் கணக்கு கண்ட சாமி என்று வேடிக்கையாகச் சொல்லலாம். நம்மவருக்கு வயிற்றைக் கலக்கியது. எதிராளி ஊர் டிரினிடாட். விருத்தாசலத்திலிருந்து பதினைந்தாயிரம் கிலோமீட்டர் இருக்கும். மெதுவாகக் கேட்டார். மனுதாரர் ஊர் கணக்குதான் என்றார்கள். மூச்சு வந்தது. சில கிலோமீட்டருக்கான படிப்பணத்தைக் கட்டிவிட்டு வந்தார்.

மூன்றாவது வாரம் மாப்பிள்ளை போன் செய்தார்: “மாமா, கீறல் பழசுதானாம். பணத்தைத் திருப்பிட்டாங்க.” காரியம் முடிந்தால் கோயிலுக்குப் போய்ப் பிராதை ராஜினாமா செய்ய வேண்டும், அதுதான் முறை. ஸ்டாண்டில் வண்டி சொல்லலாம் என்றார் மனைவி. இவ்வளவு கிட்டத்துக்கு மினிமம் வாடகை கொடுக்க மனம் வராமல் இருவரும் ஷேர் ஆட்டோவில் ஏறினார்கள். பின்னால் இடமில்லை. நம்மவர் டிரைவர் பக்கத்தில் பாதி சீட்டில் ஒட்டிக்கொண்டு மணவாளநல்லூர் போய்ச் சேர்ந்தார்.