கைக்கு மேஸ் போட்டவர்

மார்கழி பிறந்து வாடை வீசத் தொடங்கினால் நெடுந்தீவில் சில பேரை முகம் பார்த்து அடையாளம் காண முடியாது. முகம் வெளியில் இருக்காது. மோட்டார் சைக்கிளைப் பார்த்துத்தான் ஆள் இன்னார் என்று சொல்ல வேண்டும்.

அப்படி ஒருவர் இவர்: தலையில் துவாய், அதற்கு மேல் ஹெல்மெட். கழுத்தில் மனைவியின் பழைய சால்வை மூன்று சுற்று. கைகளில் கறுப்பு மேஸ். கடைக்காரர் காலுக்கென்று விற்றதுதான், இவர் வாங்கியது கைக்கு. அதற்கு மேல் கைக்கொன்றாகச் சொப்பிங் பை, மணிக்கட்டில் ரப்பர் பட்டி. இடுப்புக்குக் கீழே இறங்கினால் கதை வேறு. மடித்துக் கட்டிய சாரம், பாட்டாச் செருப்பு. சேட்டிலும் மேல் பொத்தான் இரண்டும் திறந்தபடி. குளிருக்கும் இவருக்கும் உள்ள சண்டை தலையோடும் கையோடும் மட்டும்தான் போலிருக்கிறது.

ஏறியிருப்பது எம்டி 90. யப்பான் தபால்காரர்களுக்காக ஹொண்டா செய்த வண்டி. அங்கே கடிதம் சுமந்து களைத்தபின் யாழ்ப்பாணத்துக்கு வந்து, இங்கே மீனும் பனங்கட்டியும் பிள்ளைகளும் சுமக்கிறது. யப்பானில் பனிமழை கண்டிருக்கக்கூடிய வண்டிக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, ஒரு உதையில் ஸ்டார்ட் ஆகிவிடும். யாழ்ப்பாணப் பக்கத்தில் தை மாத விடியற்காலையில்கூட வெப்பநிலை பெரும்பாலும் 20 பாகைக்குக் கீழே இறங்காது. வண்டி ஓட்டுகிறவர்தான் விறைத்துப்போகிறார்.

கனடாவிலிருந்து லீவில் வந்த மருமகன் அரைக்கைச் சட்டையோடு நின்று இதைப் பார்ப்பான். “மாமா, இது குளிரே? ரொறன்ரோவிலை இந்தளவு வந்தா நாங்கள் ஐஸ்கிறீம் குடிக்கப் போவம்” என்பான்.

“தம்பி, உங்கடை குளிர் சொல்லிப்போட்டு வரும். ரேடியோவிலை சொல்லுவினம், நீங்கள் கோட்டு மாட்டுவியள். எங்கடை பனி சத்தம் போடாமல் இறங்கும். தைப்பனி தரையைத் துளைக்குமெண்டு சும்மாவே சொன்னவை?”

தரையையே துளைக்கிறது சொப்பிங் பையிடம் நின்றுவிடுமா என்று மருமகன் கேட்பதில்லை. மாமா வீட்டில் மத்தியானம் நண்டுக்கறி.

கணக்கு என்று பார்த்தால் மருமகன் பக்கம்தான் வெற்றி. காற்று வீசினால் குளிர் எவ்வளவு கூடுகிறது என்பதை 1940களின் தொடக்கத்தில் அந்தாட்டிக்காவில் போல் சைப்பிள், சார்ள்ஸ் பாசல் என்ற இரண்டு அமெரிக்கர்கள் அளந்தார்கள். சிறிய பிளாஸ்டிக் உருளையில் தண்ணீர் நிரப்பி, காற்றில் தொங்கவிட்டு, எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்த்தார்கள். கனடாவும் அமெரிக்காவும் 2001இல் அந்தக் கணக்கைத் திருத்தின. அதன்படி சுழியப் பாகையில் மணிக்கு 40 கிலோமீற்றர் காற்றடித்தால் உடம்புக்கு அது மைனஸ் 7 போலத் தெரியும். ஆனால் இந்தச் சூத்திரம் 10 பாகையிலும் அதற்குக் கீழும்தான் செல்லும். நெடுந்தீவுக்காரரின் குளிருக்கு அதில் இடமே இல்லை.

என்றாலும் அவர் முழுக்கப் பொய் சொல்லவில்லை. விடியவே படகேறிக் குறிகட்டுவானுக்கு வருகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மணித்தியாலமளவு கடல், முன்பக்கம் இருந்தால் தூவானம் கையை நனைத்துவிடும். இறங்கி, அங்கே விட்டிருந்த வண்டியில் பட்டணத்துக்கு ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர். புங்குடுதீவையும் வேலணையையும் இணைக்கும் தாம்போதியில் இரண்டு பக்கமும் கடல், மறிக்க ஒரு வடலியும் கிடையாது. ஈரக்கையில் காற்றுப் பட்டால் ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோய்விடும். விரலில் சூடு உண்டாக்கத் தசை கிடையாது, மெல்லியதாக இருப்பதால் உள்ள சூடும் சீக்கிரம் வெளியேறும். வண்டியில் போகும்போது எல்லாவற்றுக்கும் முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதும் அதுதான்.

தீவுக்குள்ளேயே இந்த வித்தியாசம் தெரியும். பவளக்கல் அடுக்கிய வேலிகளுக்கு நடுவே ஒழுங்கையில் போகிறவரை கை சும்மா இருக்கும். குதிரைகள் மேயும் வெட்டைக்கு வந்ததும் காற்று நேரே வந்து அறையும். குதிரைகளோ காற்றுக்குப் பின்பக்கத்தைக் காட்டி நிற்கும். மோட்டார் சைக்கிளில் அந்த வசதி இல்லை.

இவர் பிழைவிடுவது வேறிடத்தில். உடம்பு குளிர்ந்தால் அது முதலில் காப்பது நெஞ்சையும் வயிற்றையும்தான். அதற்காகக் கைகால்களுக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். நெஞ்சு திறந்திருக்கும்வரை கைக்கு எத்தனை மேஸ் போட்டாலும் உள்ளிருந்து சூடு வராது. பழைய மோட்டார் சைக்கிள்காரர்கள் சேட்டுக்குள் பத்திரிகையை மடித்து வைத்துக்கொண்டு ஓடியது இதனால்தான். இவரிடமும் உதயன் பேப்பர் இருக்கிறது, பெட்டிக்குள் கசங்காமல். வாசிக்க முதல் பேப்பரைக் கசக்குகிற ஆள் இவர் இல்லை. பொத்தானைப் பூட்டவும் மாட்டார், மூச்சு முட்டுமாம்.

கையைக் காக்கும் விஷயத்தில் உலகம் எவ்வளவோ தூரம் போய்விட்டது. பிஎம்டபிள்யூ 1981இலேயே சூடேறும் கைப்பிடியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வட சீனத்தில் ஸ்கூட்டர்க்காரர்கள் கைப்பிடியிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை மெத்தை போலத் தைத்த மறைப்பொன்றை முன்னால் கட்டிக்கொள்கிறார்கள். இவரும் சும்மா இருக்கவில்லை. எண்ணெய்க் கானை நெடுக்காக வெட்டிக் கைப்பிடிக்கு முன்னால் கம்பியால் கட்டினார். காற்று நின்றது. மாட்டுக்கு ஹோர்ன் அடிக்கப் பொத்தான்தான் எட்டவில்லை.

யாராவது சிரித்தால் கடைசி ஆயுதத்தை எடுப்பார். 2022 டிசம்பரில், மண்டோஸ் புயல் வங்கக் கடலில் நின்ற நாட்களில், வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆடுமாடுகள் குளிரில் செத்துவிழுந்தன. “மாடு செத்தது பொய்யே?” என்பார். பொய்யில்லை. அவை வெட்டையில் மழையில் நனைந்து கிடந்தவை, துவாயும் சால்வையும் கட்டியவை அல்ல என்று சொன்னால் கேட்க நேரமிராது, கிளம்பிவிடுவார்.

இத்தனை பாதுகாப்புக்கும் ஒரு விலை உண்டு. இரண்டு தட்டு உறைக்குள்ளிருந்து பிறேக் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியாது. ஆடு குறுக்கே வந்தால் பாட்டாச் செருப்பை நிலத்தில் ஊன்றித்தான் நிற்பாட்டுவார். அதிலும் பெரிய சிக்கல் போன். வழியில் அடித்தால் வண்டியை ஓரங்கட்டி, பல்லால் ரப்பர் பட்டியைக் கழற்றி, பையை உருவி, மேஸை உரிக்கத் தொடங்குவதற்குள் மணி நின்றுவிடும். மேஸோடு தடவினால் திரைக்கு விளங்காது. அதனால் இப்போது போனை முகத்துக்கு நேரே பிடித்து மூக்கு நுனியால் எடுக்கப் பழகியிருக்கிறார்.

“ஏனப்பா இவ்வளவு நேரம்?” மறுமுனையில் மனைவி.

“கை மேஸுக்குள்ளை, மூக்காலைதான் எடுத்தனான்.”

“மூக்கு விறைக்கேல்லையோ?”

அதை இவர் இதுவரை யோசித்ததில்லை. மறுநாள் சால்வை நாலாவது சுற்றும் சுற்றியிருந்தது, மூக்கையும் சேர்த்து. போன் பிறகு வீடு வந்து சேரும்வரை அடித்துக்கொண்டே இருந்தது.