புயலுக்கு முன் மளிகை

கேள்வி: புயல் எச்சரிக்கை வந்ததும் எல்லோரும் கடைக்கு ஓடுகிறார்கள். வீட்டில் எப்போதும் எதைச் சேமித்து வைத்திருக்கலாம்?

பதில்: எச்சரிக்கைக்குப் பிறகு ஓடுகிறவருக்கு முன்னால் பாலும் ரொட்டியும் ஓடிவிடும்! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பால் பாக்கெட்டுக்கு மக்கள் அலைந்தது நினைவிருக்கும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது விமான நிலையமே சில நாள் மூடிக் கிடந்தது.

மின்சாரம் நின்றால் மோட்டார் ஓடாது. வாசலில் இடுப்பளவு வெள்ளம் நின்றாலும் குழாயில் சொட்டு வராது. ஆகவே பட்டியலில் முதலிடம் அரிசிக்கு அல்ல, குடிநீருக்கு.

நிலநடுக்கத்தோடு வாழும் ஜப்பானில், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் தண்ணீர் என்று குறைந்தது 3 நாளுக்கு வைத்திருக்க அரசு சொல்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 36 லிட்டர். இரண்டு 20 லிட்டர் கேன் போதும். சேமித்த உணவை அங்கே பரணில் பூட்டி வைப்பதில்லை. பழையதைச் சமைத்துவிட்டு அந்த இடத்தில் புதியதை வைக்கிறார்கள். வண்டு பிடிக்காது, காலாவதியும் ஆகாது. அருமையான வழக்கம்!

உணவுக்கு நம் சமையலறையே கைகொடுக்கும். அவல், பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், பேரீச்சை எதுவும் அடுப்பைக் கேட்காது. குழந்தை இருந்தால் பால் பவுடர். முதியவர் இருந்தால் ஒரு வார மாத்திரை. பலரும் மறப்பது இதைத்தான். டார்ச்சும் பவர் பேங்க்கும் கூடவே இருக்கட்டும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பர் மளிகைச் சீட்டிலேயே இவற்றை எழுதிவிடுங்கள்.