கடாரம் கொண்டவன் காலை மடக்கிய கதை

பெரம்பலூர், அரியலூர்க்காரர்களுக்கும் கடலுக்கும் நேரம் ஒத்து வந்ததே இல்லை. கடல் வாசல்வரை வந்தபோது ஏறுவதற்கு ஆள் இல்லை. ஆள் வந்து சேர்ந்தபோது கடல் நாகப்பட்டினம் பக்கம் குடிபோயிருந்தது.

சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடலில் இறங்கிய பயணி ஒரு மரம். ஆற்று வெள்ளம் அதை இழுத்துப் போய்க் கடலில் தள்ளியது. சேற்றில் புதைந்து கல்லாகி, 1940-இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் வந்து பார்க்கும்வரை சாத்தனூரில் படுத்திருந்தது. 18 மீட்டர் நீளம். படகு பிடிக்காமல் கிளம்பினால் இதுதான் கதி. அந்தக் கடலின் சிப்பி, நத்தை வகையறாக்கள் சுண்ணாம்புக்கல்லோடு கலந்து இன்று சிமெண்ட் மூட்டைகளாக லாரி ஏறுகிறார்கள். அவர்களுக்காவது வண்டி கிடைத்தது.

அப்புறம் வந்தான் ராசேந்திர சோழன். கங்கைகொண்ட சோழபுரத்தில் கங்கைநீரை ஊற்றி ஒரு பேரேரி கண்டவன், 1025-இல் கடல் தாண்டி மலேயாவின் கடாரத்துக்குக் கலம் விட்டான். மெய்க்கீர்த்தியில் அலைகடல் இருக்கிறது, கலங்கள் இருக்கின்றன, தோற்ற அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனும் அவன் யானைகளும் வித்தியாதரத் தோரணமும் இருக்கின்றன. கரையிலிருந்து கலத்துக்கு எப்படி ஏறினார்கள் என்ற இடத்தில் மட்டும் புலவர் கப்சிப்.

காரணம் மானக்கேடுதான் என்பது என் ஊகம். சோழமண்டலக் கரை நெடுக மணல். ஆற்று வாயில் ஓதம் ஏறினாலும் ஒரு முழம், இரண்டு முழம். அதிலும் மணல்திட்டு குறுக்கே படுத்திருக்கும். பெரிய கலம் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்க, சேனாபதி வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு யாரோ ஒரு மீனவர் தோளில் போயிருப்பார். “சாமி, காலை மடக்குங்க, அலை வருது!” இதை எந்தக் கல்லில் வெட்டுவது?

வெள்ளைக்காரன் பாடும் இதேதான். 1639-இல் சென்னையில் கடை விரித்தவனுக்கு இருநூறு வருஷத்துக்கு மேல் துறைமுகம் இல்லை. ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகுதான் கதி. ஆணி அடித்த படகு தரை தட்டினால் பிளக்கும். இது நெளிந்து கொடுக்கும். கவர்னரும் துரைசானியும் அதில்தான் நனைந்துகொண்டே கரை சேர்ந்தார்கள். கவிழ்ந்து விழுகிறவர்களைப் பொறுக்கி எடுக்கக் கட்டுமரக்காரர்கள் கூடவே வருவார்கள். சாம்ராஜ்யத்தின் கம்பீரமெல்லாம் முதல் அலையோடு சரி.

நம் ஜில்லா ஜனங்களின் முறை வந்தது ‘ரஜுலா’ காலத்தில். 1926-இல் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. அரியலூரில் ரயிலேறி, திருச்சி, தஞ்சை வழியாகத் தகரப்பெட்டியும் ஊறுகாய் ஜாடியுமாக நாகைக்கு வந்தால் கப்பல் கரையில் இருக்காது. கடலுக்குள் தூரத்தில் நிற்கும். (பெரம்பலூர்க்காரர்கள் முதலில் ரயிலுக்கே அடுத்த ஊர் போகணும். இன்றைக்கும் அப்படித்தான்.) படகில் போய்க் கப்பலை ஒட்டி நிற்கிற நேரம்தான் பரீட்சை. அலை தூக்கும்போது படிக்கட்டு முழங்காலுக்கு நேரே வரும். அலை இறங்கினால் தலைக்கு மேலே போய்விடும். நடுவில் ஒரு மூச்சு நேரம். படகுக்காரர் “இப்ப ஏறு அப்பாயி!” என்பார். அப்பாயி, “இரு தம்பி, ஜாடி!” என்பாள். அதற்குள் படிக்கட்டு மேலே போயிருக்கும். இப்படி நாலைந்து அலை வீணாகி, கடைசியில் ஜாடி முதலில் ஏறும், அப்பாயி பின்னால் ஏறுவாள். கடாரத்துக்குப் போன இரண்டாவது படையெடுப்பு இது. இதற்கும் கல்வெட்டு கிடையாது.

‘ரஜுலா’வுக்கு அப்புறம் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பல் 1985-இல் தீப்பிடித்தது. அதோடு அந்தப் போக்குவரத்தும் முடிந்தது. பிறகு ரொம்பக் காலம் கழித்து, 2023 அக்டோபர் 14-ஆம் தேதி நாகையிலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். நனையாமல், தோள் ஏறாமல், மேடையிலிருந்து நேரே உள்ளே நடந்து போகலாம். ஒரு வாரம் ஓடியது. பருவமழை வருகிறது என்று நிறுத்தி, 2024 ஆகஸ்டில்தான் மறுபடி எடுத்தார்கள். ராசேந்திரன் படை எந்த மாதம் கிளம்பியது என்று மெய்க்கீர்த்தி சொல்லவில்லை. ஐப்பசியாக இருக்காது என்று மட்டும் அடித்துச் சொல்லலாம்.