ஸ்பானர் அங்கிள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அடுக்ககத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு காரின் பானெட் திறந்திருந்தால், உள்ளே தலையை விட்டுக்கொண்டிருப்பவர் நிச்சயம் மெக்கானிக் இல்லை. மெக்கானிக்குக்கு அன்று லீவு. அவர்தான் ஸ்பானர் அங்கிள். வங்கியிலோ மின்வாரியத்திலோ முப்பது வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். மடித்துக் கட்டிய லுங்கி, கிரீஸ் கறை படிந்த பனியன், வாயில் கவ்விய டார்ச். வீட்டு வாசலில் தொங்கும் பெயர்ப்பலகையில் வேறு பெயர் இருக்கிறது. அது தபால்காரருக்கு மட்டும்.

“நாலு போல்ட்டைக் கழட்டி மாட்ட எழுநூறு ரூபாயா?” என்பது அவர் கட்சி. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. கம்பெனி சர்வீஸ் சென்டர் பில்லில் சாமான் விலை தனி, லேபர் தனி, அந்த லேபர் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. கூலியைக்கூட மன்னித்துவிடுவார், கூலிக்கு வரி என்றதும் ரத்தம் கொதிக்கும். அந்தக் கொதிப்போடு ஜி.பி. ரோட்டுக்கு ஆட்டோ பிடிப்பார்.

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய அந்தத் தெருவின் மோட்டார் சாமான் கடைகள் அவருக்குக் கல்யாண வீட்டாருக்குப் பட்டுக்கடை மாதிரி. ஆயில் ஃபில்டர் ஒன்று வாங்கப் போனவர், ஃபில்டரோடு ரிங் ஸ்பானர் செட், பிளக் ஸ்பானர், எதற்கென்று தெரியாத ஒரு வளைந்த பிளையர் எல்லாம் வாங்கித் திரும்புவார். கூலியில் எழுநூறு மிச்சம் என்று டைரியில் எழுதும்போது இவை கணக்கில் வராது. அவை ‘இன்வெஸ்ட்மென்ட்’. ஆட்டோக்காரருக்குக் கொடுத்தது குடும்பச் செலவு.

அவரை வெறும் கோமாளி என்று தள்ளிவிடவும் முடியாது. அவர் தொழில் பழகிய வண்டிகள் அப்படி. அம்பாசடரின் பானெட்டைத் திறந்தால், எஞ்சினைச் சுற்றிக் கை தாராளமாகப் புழங்கும். பத்மினி மழை நாளில் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்தால், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் துடைத்து, பாயிண்ட்டை உப்புத்தாளால் ஒரு தேய் தேய்த்தால் போதும். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-க்கு 796 சிசி, மூன்று சிலிண்டர், மூன்றே பிளக். கார்பரேட்டரைக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, ஜெட்டை ஊதி மாட்டியவர்கள் அந்தக் காலத்தில் தெருவுக்கு இருவர் இருந்தார்கள். பிறகு புகை விதிகள் இறுகின. கார்பரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்தது. ஊதுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போயிற்று. அங்கிளின் நுரையீரல் மட்டும் தயாராக இருக்கிறது.

இன்றைக்கும் அவர் ஜெயிக்கும் இடங்கள் உண்டு. ஏர் ஃபில்டர், வைப்பர் பிளேடு, பல வண்டிகளில் டேஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஏசி ஃபில்டர் – இவற்றுக்குக் கூலி கொடுப்பவர்தான் ஏமாளி. பேட்டரி டெர்மினலில் பூத்த வெள்ளைப் பொடியை, முதலில் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, வெந்நீர் ஊற்றிப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, மேலே வாசலின் தடவுவதில் அவர் நிபுணர். அந்த பிரஷ் உண்மையிலேயே பழையதா என்பதில் மட்டும் வீட்டில் கருத்து வேறுபாடு உண்டு. ஆயில் மாற்றிய மறுநாள், “ஏங்க, மாவு சலிக்கிற தாம்பாளம் எங்க?” என்று சமையலறையிலிருந்து குரல் வரும். தாம்பாளம் காருக்கு அடியில் இருக்கிறது. அவர் நியூஸ்பேப்பருக்குப் பின்னால் இருக்கிறார்.

தகராறு வருவது, வெற்றி தலைக்கேறிய பிறகு. ஒரு சர்வீஸ் சென்டர் ஆள் காட்டிய பழைய பிளக்கின் கரியைப் பார்த்துவிட்டு, அதையும் தானே மாற்ற முடிவு செய்கிறார். சிலிண்டர் ஹெட் அலுமினியம், பிளக்கின் மரை இரும்பு. மெக்கானிக் கடைப் பையன்கூட முதல் சில சுற்றுகளை விரலால்தான் திருகுவான். கை எட்டாத குழிக்குள் ஒரு துண்டு ரப்பர் டியூபில் செருகித் திருகுவான். கோணலாக ஏறினால் டியூப் வழுக்கிவிடும், மரை பிழைக்கும். அங்கிள் முதலிலிருந்தே ஸ்பானர். இறுகுகிறது என்று மகிழ்ந்தார். மரை போனது.

திங்கட்கிழமை வண்டி கயிறு கட்டிக் கடைக்கு வந்தது.

“யார் சார் கை வச்சது?”

“எவனோ ஒரு மெக்கானிக் தம்பி. வெளியூர் போனப்ப.”

“கூலி எவ்வளவு வாங்கினான்?”

“ஒண்ணும் வாங்கல.”

“அதான் சார்” என்றபடி மெக்கானிக், ஹெட்டைக் கழற்றி லேத்துப் பட்டறைக்கு அனுப்ப ஆள் தேடினார்.

பிரேக் பக்கம் இதுவரை அவர் போகவில்லை. அது அவருடைய பாக்கியம், எதிரே வருபவர்களுடைய பாக்கியமும். பிரேக் ஆயில் என்று பெயரே தவிர, அது எஞ்சின் ஆயிலோடு உறவில்லாத வேறு திரவம்; டப்பா மாறி எஞ்சின் ஆயிலை ஊற்றினால் உள்ளே ரப்பர் எல்லாம் ஊதிவிடும். ரேடியேட்டர் மூடியோ, சூடாக இருக்கும்போது திறக்காதே என்று தன் தலையிலேயே எழுதிக்கொண்டு பிறந்தது. (1990களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கே சென்னையின் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் அந்த மூடியைச் செய்து அனுப்பியது. அந்தப் பெருமையைச் சொல்லிக்கொண்டே அங்கிள் ஒருமுறை திறந்து, புருவத்தில் பாதியை இழந்தார்.)

பிளக் விவகாரத்துக்குப் பிறகு ஆயுதம் மாறியது. ஸ்டீயரிங்குக்கு அடியில் செருகும் ஸ்கேனர் ஒன்றை ஆன்லைனில் வாங்கினார். அது போனில் கோளாறின் எண்ணைச் சொல்லும். இப்போது கடைக்குப் போனால், “வண்டி திக்குது” என்பதில்லை. “பி 0300 தம்பி, மிஸ்ஃபயர்” என்கிறார். எந்தப் பாகத்தால் என்று அந்த எண் சொல்லாது. பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா என்று மெக்கானிக்தான் ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். ஆனால் பாதி வேலையைத் தானே முடித்துவிட்டதாகச் சொல்லிக் கூலியில் பாதியைக் குறைக்கக் கேட்கிறார்.

போன மாதம் மருமகன் எலெக்ட்ரிக் கார் வாங்கினார். எஞ்சின் ஆயில் கிடையாது, பிளக் கிடையாது, கார்பரேட்டர் எப்போதோ போயிற்று. பானெட்டைத் திறந்த அங்கிள், உள்ளே ஓடிய தடித்த ஆரஞ்சு நிறக் கேபிள்களைப் பார்த்துக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “மாமா, அதைத் தொடாதீங்க, ஹை வோல்டேஜ்” என்றார் மருமகன். அங்கிள் முகம் வாடியது. ஓரத்தில், விளக்குக்கும் ஹார்னுக்குமாக ஒரு சாதாரண 12 வோல்ட் பேட்டரி கண்ணில் படும்வரைதான்.

“மாப்ளே, வீட்டுல வாசலின் இருக்கா?”