வாயிற்காப்போனுக்கும் ஒரு நகல்

மூன்று பிரதி இல்லாமல் டெல்லியில் மனு நகராது. பெரிய தரவுச் சேமிப்பகங்களிலும் அதே சம்பிரதாயம்தான். இஎம்சி நிறுவனம் 1994-இல் கொண்டுவந்த எஸ்ஆர்டிஎஃப் என்ற நகலெடுப்பு மென்பொருள், ஓர் ஊரில் எழுதியதை இன்னோர் ஊரிலும் எழுதி வைக்கும்.

அந்நிறுவனத்தின் சேமிப்புப் பெட்டிக்குள் ‘கேட்கீப்பர்’ என்றொரு குட்டி வட்டு உண்டு. அளவு சில மெகாபைட். தரவு எதையும் சுமக்காது. சர்வர் இடும் உத்தரவைப் பெட்டிக்குச் சேர்ப்பதோடு சரி. தலைநகருக்குப் பழக்கமான உத்தியோகம்தான்.

தப்பித் தவறி இதையும் நகல் பட்டியலில் சேர்த்துவிட்டால், வெறுங்கையருக்கு வெளியூரில் இன்னொரு வெறுங்கையர். நீக்கலாமே என்றால் சும்மாவா? முதலில் நகலெடுப்பை நிறுத்த வேண்டும். அப்புறம் ஜோடியைப் பிரிக்க வேண்டும். பிறகு சர்வரின் கண்ணிலிருந்து மறைக்க வேண்டும். கடைசியில்தான் அழிக்கலாம். இத்தனை உத்தரவையும் உள்ளே கொண்டுபோக யார் வேண்டும்? இன்னொரு கேட்கீப்பர்!

தேவையில்லாத இடத்தில் இரட்டைக் காவல். தேவையான இடத்தில்? 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸில் ஐந்து சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தரவு, இணையத் தாக்குதலில் மர்ம ஆசாமிகளின் பூட்டுக்குள் போயின. வலைப்பின்னல் முறையாகப் பிரிக்கப்படவில்லை என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. தாக்குதலுக்குத் தப்பிய காப்பு சர்வர் ஒன்றுதான் மானத்தைக் காத்தது. அதுவரை நோயாளிகளின் விவரத்தைச் சுமந்தவை பேனாவும் காகிதமும். அவற்றை நீக்க யாருடைய உத்தரவும் இதுவரை செல்லுபடியாகவில்லை.