பதினெட்டு லட்சம், கைச்செலவு தனி

கிடர்பூர்,
கொல்கத்தா.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு அத்தான் எழுதுவது. பைபாஸ் ஓரத்து நிலம் கிரயமான விஷயத்தைக் காரைக்குடியிலிருந்து அத்தை போனில் சொன்னார்கள். அதற்கு மறுநாளிலிருந்து என் வாட்ஸ்அப்பில் சிவப்புக் கார் படமாக வந்து குவிகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்பதை உன் அக்கா என்னைக் கேட்காமலே கண்டுபிடித்துவிட்டாள். போனில் சொன்னால் நீ பாதியில் புகுந்து என்னைப் பேசவிடமாட்டாய். அதனால்தான் கடிதம்.

கிடர்பூரில் கப்பல் வந்து நிற்கிறது, அத்தான் கிளியரிங் ஏஜெண்ட் ஆபீஸில் கணக்கு எழுதுகிறார், ஆகையால் வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் கப்பலடி விலைக்கே கிடைக்கும் என்று உனக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் எண்பதுகளில் இங்கே ஃபேன்ஸி மார்க்கெட்டில் டேப்ரெக்கார்டர் வாங்கிப்போன தலைமுறையாக இருக்கவேண்டும். அந்த மார்க்கெட் இன்னும் இருக்கிறது. சென்ட் பாட்டில், கைக்கடிகாரம், துணிமணி எல்லாம் கிடைக்கும். கார் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து செகண்ட் ஹேண்ட் கார் இறக்கச் சட்டப்படி அனுமதியுள்ள துறைமுகம் இந்த நாட்டிலேயே ஒன்றுதான், அது மும்பை. அங்கேயும் வண்டி மூன்று வருஷத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது, ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கவேண்டும். கட்டுகிற வரியோ வண்டியின் விலையையே மிஞ்சும். 1892-ல் திறந்த எங்கள் டாக்கில் உனக்காக எதுவும் காத்துக்கொண்டிருக்கவில்லை.

ஆனாலும் நீ கேட்டுவிட்டாய் என்று பக்கத்து அலிப்பூரில் ஒரு வண்டியைப் போய்ப் பார்த்தேன். 2012 மாடல், ஜெர்மன்காரன் கட்டியது. இரண்டே கதவு, இரண்டே சீட்டு. பொத்தானை அமுக்கினால் கூரை தானாக மடிந்து டிக்கிக்குள் படுத்துக்கொள்கிறது. மூன்று லிட்டர் எஞ்சின். புதிதாக வாங்கும்போது 65 லட்சம் ஆனதாம், இப்போது 18 லட்சத்துக்குத் தருகிறேன் என்கிறார் சொந்தக்காரர். உள்ளே உட்கார்ந்தேன். உட்காருவது சுலபம், எழுந்திருக்கத்தான் டிரைவர் வந்து கை கொடுக்க வேண்டியிருந்தது. நம் மாமாவை அதில் ஏற்றிப் பிள்ளையார்பட்டிக்குக் கூட்டிப்போகும் திட்டம் இருந்தால் இப்போதே கைவிட்டுவிடு.

இனி கணக்கு. 65 லட்சத்து வண்டி 18 லட்சத்துக்கு வந்துவிட்டது என்று நீ குதிக்கிறாய். வண்டியின் விலை இறங்கியிருக்கிறதே தவிர அதன் அந்தஸ்து இறங்கவில்லை. பிரேக் டிஸ்க், டர்போ, கூரையை மடக்குகிற ஹைட்ராலிக் பம்ப் எல்லாம் தங்களை இன்னும் 65 லட்சத்து வண்டியின் உறுப்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கின்றன. உதிரிபாகக் கடைக்காரரிடம் போய், "நான் பதினெட்டுக்குத்தான் வாங்கினேன்" என்று சொன்னால் அவர் உனக்குத் தண்ணீர் கொடுப்பார், தள்ளுபடி கொடுக்கமாட்டார். ஆகவே என் கணக்கில் ஒரு விதி வைத்துக்கொண்டேன். ரிப்பேருக்கென்று வருஷந்தோறும் ஒதுக்குகிற பணத்தை வாங்கின விலையில் கணக்கிடாதே, ஷோரூம் விலையில் கணக்கிடு. நூற்றுக்கு மூன்று என்று வைத்தாலும் ஏறக்குறைய 2 லட்சம். ஒரு வருஷம் ஒன்றுமே ஆகாது, அந்தப் பணத்தில் கையை வைக்கத் தோன்றும். வைத்தால் அடுத்த வருஷம் கியர்பாக்ஸ் போகும். இது இயற்பியல் விதி இல்லை, ஆனால் தப்பியவர்களை நான் பார்த்ததில்லை.

இன்சூரன்ஸுக்கு வா. 1500 சிசிக்கு மேற்பட்ட எந்தக் காருக்கும் தேர்ட் பார்ட்டி பிரீமியம் 7,897 ரூபாய் என்று 2022-ல் நிர்ணயித்தார்கள். இது சின்னத்தொகை. சொந்தச் சேதத்துக்கான பிரீமியமும் ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 50,000 என்று போட்டிருக்கிறேன். ஆனால் கட்டுவதை விட, வாங்குவதில்தான் சங்கதி இருக்கிறது. பத்து வருஷம் தாண்டிய வண்டிக்கு இரும்புப் பாகம் உடைந்தால் பாதிப் பணம்தான் வரும். ரப்பர், பிளாஸ்டிக், டயர், பாட்டரி எல்லாம் வண்டி எந்த வயதில் இருந்தாலும் பாதிதான். முழுசாகக் கொடுக்கிறோம் என்கிற ஜீரோ டெப்ரிசியேஷன் பாலிசி இந்த வயது வண்டிக்குச் சாமானியமாகக் கிடைக்காது. முன் பம்பர் முழுக்க பிளாஸ்டிக் என்பதை நினைவில் வை. இன்னொன்று, விற்கிறவர் இத்தனை வருஷம் க்ளெய்மே போடவில்லை என்று பெருமை பேசினார். அந்த நோ க்ளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், வண்டியோடு வராது.

அந்தப் பம்பர் தரையிலிருந்து நாலு விரல்கடைதான் தூக்கலாக இருக்கிறது. எங்கள் கிடர்பூரில் அதை எங்கே ஓட்டிப் பார்ப்பது? டாக்குக்குப் போகிற பெரிய ரோட்டின் பெயர் கார்ல் மார்க்ஸ் சரணி. பகலெல்லாம் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசையாக நிற்கும். அந்தப் பெயருள்ள தெருவில் கூரையைத் திறந்துபோட்டுக்கொண்டு இந்த வண்டியில் உட்கார்ந்திருக்க எனக்கே கூச்சமாக இருந்தது. இரண்டு பக்கமும் லாரி கிளீனர்கள் மேலேயிருந்து எட்டிப்பார்த்து மைலேஜ் கேட்டார்கள். 1902-ல் கல்கத்தாவின் முதல் மின்சார டிராம் எஸ்பிளனேடிலிருந்து கிளம்பி வந்தது எங்கள் கிடர்பூருக்குத்தான். அன்று அது வந்த வேகத்தைத்தான் இன்று 300 குதிரைசக்தி வண்டியாலும் இங்கே எட்ட முடிகிறது. மழை வந்து தெருவில் தண்ணீர் நின்றால் அதுவும் முடியாது. தண்ணீரை எஞ்சின் உறிஞ்சிக்கொண்டால் சாதாரண பாலிசியில் பைசா வராது, எஞ்சின் புரொடெக்ட் என்று தனியாகச் சேர்த்து வாங்கவேண்டும். காரைக்குடியில் அந்தப் பயம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அங்கே உன்னுடைய எதிரி ஸ்பீடு பிரேக்கர்.

டயர் ஒன்று 25,000. முன்டயர் ஒரு சைஸ், பின்டயர் வேறு சைஸ், ஆகவே முன்னும் பின்னும் மாற்றிப்போட்டு ஒப்பேற்ற முடியாது. ஸ்டெப்னியும் கிடையாது. டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் பொறித்திருக்கும், 3519 என்றால் 2019-ஆம் வருஷம் 35-ஆவது வாரம் செய்தது. அலிப்பூர் வண்டியில் பட்டன் நன்றாகவே இருக்கிறது, ஆனால் ரப்பர் வயதாகி இறுகிவிட்டது. ஆக, வண்டி வாங்கிய வாரமே ஒரு லட்சம். வருஷத்துக்கு 30,000 என்று எழுதிக்கொண்டேன்.

பெட்ரோல் இங்கே லிட்டர் 105 ரூபாய். ஊருக்குள் ஏழரை கிலோமீட்டர் கொடுத்தால் பெரிது. மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டுவாய் என்று வைத்தேன், வருஷத்துக்கு 84,000. இப்போது பங்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2012-ல் செய்த ரப்பர் குழாய்களும் சீல்களும் இந்தக் குடிப்பழக்கத்துக்குத் தயாரானவை அல்ல, ஆகவே மெக்கானிக்கை அவற்றைத் தனியாகப் பார்க்கச் சொல்.

ஆர்.டி.ஓ. செலவு பற்றி நீ ஒரு வார்த்தை கூட எழுதவில்லை. பதினைந்து வருஷம் முடிந்தால் ஆர்.சி.யைப் புதுப்பிக்கவேண்டும். 2012 வண்டிக்கு அந்தத் தேதி 2027-லேயே வருகிறது. சாதாரணக் காருக்கு 5,000 ரூபாய்தான். கப்பலில் முழுவண்டியாக வந்திறங்கிய காருக்கு 40,000. இருபது வருஷம் தாண்டினால் 80,000. அதற்குமுன் இங்கே பெல்தலா ஆபீஸில் என்.ஓ.சி. வாங்கி, சிவகங்கை மாவட்டத்தில் புது நம்பர் போட்டு, தமிழ்நாட்டு ஆயுட்கால வரியையும் கட்டவேண்டும். இங்கே கட்டிய வரி அங்கே செல்லாது. அந்த வரியைப் போடும்போது அவர்களும் நீ கொடுத்த 18 லட்சத்தைப் பார்க்கமாட்டார்கள், ஆதியில் பில் போட்ட தொகையையும் வண்டியின் வயதையும்தான் பார்ப்பார்கள். பார்த்தாயா, நாட்டில் ஒருவருக்கும் அந்த 65 லட்சம் மறக்கவில்லை, உனக்கு மட்டும்தான் மறந்துவிட்டது.

ஆயுட்கால வரியை ஒரேதடவைச் செலவு என்று ஒதுக்கிவிட்டு, வருஷக் கணக்கை மட்டும் கூட்டினேன். இன்சூரன்ஸ் 50,000, பெட்ரோல் 84,000, டயர் 30,000, சர்வீஸ் 70,000, ரிப்பேர் ஒதுக்கீடு 2 லட்சம், ஓடு போட்ட கொட்டகையாவது வேண்டுமே, அதற்கு வாடகை 60,000, ஆர்.சி. புதுப்பிப்பை ஐந்து வருஷத்துக்குப் பங்கிட்டால் 8,000. ஆக 5,02,000. இதற்கு மேல், 18 லட்சத்தை ஏழு சதவீதத்தில் டெபாசிட் போட்டிருந்தால் வந்திருக்கும் வட்டி 1,26,000. வருஷாவருஷம் வண்டி இழக்கிற மதிப்பு குறைந்தது ஒன்றரை லட்சம். மொத்தம் 7,78,000. ஓடுவது 6,000 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 130 ரூபாய். ஓடாமல் வீட்டில் நிற்கட்டும் என்றால் பெட்ரோல் மட்டும்தான் மிச்சம். யார்டில் பெட்டி அசையாமல் கிடந்தாலும் டெமரேஜ் நாள்தோறும் ஏறுமே, அது மாதிரி மீதியெல்லாம் ஏறிக்கொண்டேயிருக்கும். இதற்கு டாக்ஸியே போதுமே என்று கணக்கை உன் அக்காவிடம் காட்டினேன். "வீட்டு வாசலில் கார் நின்றால் கவனிப்பார்கள், டாக்ஸியில் போய் இறங்கினால் யார் கவனிப்பார்கள்? பாவம் பையன்" என்றாள். உன் கட்சி பேசினாள் என்பதைப் பதிவு செய்கிறேன்.

வரவுக்குள் செலவு செய்யாதவர்களுக்கு எங்கள் பேட்டை பெயர்போனது. மைக்கேல் மதுசூதன் தத்தர் வளர்ந்த வீடு கிடர்பூரில்தான். பெரிய கவிஞர், 1848 முதல் சில வருஷம் நம் மதராஸிலும் வாத்தியார் வேலையும் பத்திரிகை வேலையும் பார்த்தவர். பிறகு பாரிஸ்டராகப் போகிறேன் என்று சீமைக்குப் போய், பிரான்சில் குடும்பத்தோடு கடனில் மூழ்கியபோது ஈசுவர சந்திர வித்யாசாகர் இங்கிருந்து பணம் அனுப்பிக் கரையேற்றினார். கிடர்பூர்ப் பக்கமிருந்து ஹௌராவுக்குப் போக 1992-ல் திறந்த பெரிய பாலத்துக்கு வித்யாசாகர் பெயர்தான், அதில் நாங்கள் சுங்கம் கட்டிக்கொண்டு போகிறோம். கடன் கொடுத்தவருக்குப் பாலம் கிடைத்தது. அடுத்த மட்டியாபுருஜில் அவத் நவாப் வாஜித் அலி ஷா ஆங்கிலேயர் கொடுத்த பென்ஷனில் புலி, பறவை, பாம்பு என்று ஒரு மிருகக்காட்சி சாலையே வைத்துப் பராமரித்தார். வருஷத்துக்குப் பன்னிரண்டு லட்சம் பென்ஷன், அதுவும் போதவில்லை. உனக்கு பென்ஷன் கிடையாது, எனக்கும் வித்யாசாகர் மனசு கிடையாது.

வீம்பாக ஒரு வண்டி வேண்டியதுதான் என்றால் ஒன்று சொல்கிறேன். ஹூக்ளி நதியோரம் மேலே போனால் உத்தர்பாடா. அங்கே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை, 2014 மே மாதம் அம்பாசிடரோடு நின்றுபோனது. அதே ஆலையில்தான் 1984 முதல் 2002 வரை கான்டெஸாவும் செய்தார்கள். இங்கிலாந்து வாக்ஸ்ஹால் வண்டியின் உடம்பு, நீளமான மூக்கு, சினிமாவில் வில்லன் வந்து இறங்குகிற கார். ஆரம்பத்தில் அம்பாசிடரின் எஞ்சினையே வைத்து அதைத் திணறவிட்டார்கள், பிறகு இசுசு 1.8 லிட்டர் எஞ்சின் போட்டதும்தான் வண்டிக்கு உயிர் வந்தது. அதைத் தேடு. தேர்ட் பார்ட்டி பிரீமியத்தில் கான்டெஸாவும் அந்த ஜெர்மன் வண்டியும் ஒரே பந்தி, அதே 7,897. இருபது வருஷம் தாண்டியதால் ஆர்.சி. புதுப்பிக்க 10,000. கம்ப்யூட்டர் கிடையாது, ஏர்பேகும் கிடையாது. மெட்ராஸுக்குப் புதுப்பேட்டை மாதிரி இங்கே மல்லிக் பஜார், தேடினால் கான்டெஸா கதவுக் கைப்பிடி வரை எடுத்துவிடலாம். தெரிந்த ஒருவர் நல்ல வண்டி நாலு லட்சம் சொல்கிறார், பேசினால் குறைப்பார். துருவை மட்டும் பார்க்கவேண்டும், கொல்கத்தாக் காற்றில் அது சோற்றுக்கு வழியில்லாமல் திரிந்ததில்லை.

இல்லை, ஜெர்மன் வண்டிதான் என்றால், முன்பணம் அனுப்புமுன் மூன்று காரியம் செய். தனி மெக்கானிக்கிடம் கொண்டுபோய் லிஃப்டில் ஏற்றிக் கீழ்ப்புறம் பார்த்து, ஸ்கேனர் மாட்டிப் பழைய கோளாறு எல்லாம் எடுக்கவேண்டும், பத்துப் பதினைந்தாயிரம் ஆகும், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். பாங்கு அடமானம், நிலுவை அபராதம் இரண்டையும் பரிவாகன் தளத்தில் பார். பழைய சர்வீஸ் பில்களைக் கிலோமீட்டரோடு ஒப்பிடு. கிலோமீட்டர் குறைந்துகொண்டே வந்தால் வண்டி இளமையாகிறது என்று அர்த்தமில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் அலிப்பூர்க்காரருக்கு நான் பதில் சொல்லவேண்டும்.

உன் அக்கா தோளுக்குப் பின்னால் நின்று இதையெல்லாம் வாசித்துவிட்டாள். கணக்கில் ஒரு செலவு விட்டுப்போயிற்றாம். அந்தப் பைபாஸ் நிலம் தாத்தா வழி வந்த பூர்வீகச் சொத்து, தமிழ்நாட்டில் 1989-லேயே பெண்ணுக்கும் சமபங்கு என்று சட்டம் வந்துவிட்டது, தன் கல்யாணம் அதற்கெல்லாம் பின்னால்தான், தன்னிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லையே என்கிறாள். நான் கேட்கவில்லை மாப்பிள்ளை, அவள் கேட்கிறாள். அவளுக்குத் தனியாகப் பதில் எழுது.

இப்படிக்கு,
அன்புடன்,
அத்தான்